பிரம்புக்குப் பரிவட்டம்

யாரு சொன்னா உங்களுக்கு, உலகம்மாவக் கேட்டா அரமனையச் சுத்திக் காட்டுவான்னு? டீக்கடை மாசானமா? அவன் சொல்லுவான். அவன் கடைக்கு வழி கேட்டாலே தப்பாச் சொல்லுத பய. சார், இந்த அரமனைக்கு ஆளு நான்தான். பேரு ஆவுடையப்பன். அரமனைக் காரியஸ்தன். வாச்மேன்னு சொல்லாதீங்க, அது பேங்க் வாசல்ல தூங்குதவனுக்குச் சொல்லுத பேரு. எங்கப்பா பிச்சையா இங்கன காரியஸ்தரு, அவுக அப்பாவும் காரியஸ்தரு. மூணு தலைமுறையா இந்தக் கேட்டு எங்க கையிலதான் தெறக்கும், எங்க கையிலதான் அடையும். உலகம்மா யாருன்னு கேக்கீங்களா? என் பொண்டாட்டி. இருங்க, சொல்லுதேன். அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. எனக்கு நின்னே பழக்கம்.

பழைய வீடுகளப் பத்தி புஸ்தகம் எழுதுதீங்களா? நல்லது. ஆனா ஐயாகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேக்காம உள்ள விட மாட்டேன், அது ஒழுங்கு. அரமனைக்குச் சொந்தக்காரவுக, பெங்களூர்ல இருக்காவ. எடுத்தாவன்னா இன்னைக்கே பாத்துரலாம். எடுக்கலன்னா நாளைக்கு வாங்க.

வரும்போது ஒரு ஊரத் தாண்டி வந்திருப்பீங்களே, ஆத்துக்கும் இந்த மேட்டுக்கும் நடுவுல? அதுதான் சேந்தங்குறிச்சி. ஊருன்னு சொல்லுதாவ, நானும் சொல்லி வைக்கேன். நூத்தி நாப்பது வீடு. தாமிரபரணி வாசல்ல ஓடுது, இவனுவ குடிக்கதுக்குக் கேன் தண்ணி வாங்குதானுவ. வாழையப் போடுவானுவ, முட்டுக் குடுக்கச் சொன்னா கேக்க மாட்டானுவ, காத்துல சாஞ்சதும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி வாயப் பொளந்துட்டு நிப்பானுவ. ஒருத்தன் காலைல எடுத்த முடிவு மத்தியானம் வரைக்கும் நின்னதாச் சரித்திரம் கெடையாது. இந்த அரமனை மட்டும் இல்லன்னா இப்படி ஒரு ஊரு இருக்குன்னு தாலுகா ஆபீஸுக்கே தெரியாது.

அரமனையக் கட்டினது ஐயாவோட பாட்டனாரு, கோமதிநாயகத் துரை. ஆத்து மட்டத்துல இருந்து பதினெட்டு அடி ஒசரம். மண்ணடிச்சு மேடாக்கி, அதுக்கு மேல கல்லடுக்கிக் கட்டினது. எத்தனையோ வெள்ளம் மேட்டடியில இருக்க இந்தக் கேட்டு வரைக்கும் வந்திருக்கு, முதப் படியக் கூடத் தொட்டதில்ல. உள்ள முப்பத்தாறு தேக்குத் தூணு. நான் எண்ணிப் பாத்ததில்ல, எங்கப்பா சொன்னது. நடு ஹாலுக்குள்ள நான் போனதில்ல சார். ஆம்பளை வேலையாளு அங்கன மிதிக்கக் கூடாதுன்னு ஐயாவோட அப்பா, பெரிய ஐயா காலத்து ஒழுங்கு. தூத்துத் தொடைக்க உலகம்மாதான் பின்கட்டு வழியாப் போவா. பெரிய ஐயா தவறி இருபத்திரெண்டு வருஷமாச்சுன்னு சிரிக்கீங்க. அவுக போயிட்டா அவுக வச்ச ஒழுங்கும் போயிருமா?

இன்னொரு ஒழுங்கும் உண்டு. தைப்பூசத்தன்னைக்கி எங்க ஊரு சுப்பிரமணியர் ஆத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவாரு. போற வழியில சப்பரம் இந்தக் கேட்டு முன்னால நிக்கும். முதல் மரியாதை அரமனைக்கு. பட்டர் வந்து துரைமாருக்குத் தலையில பரிவட்டம் கட்டி, மாலை போட்ட பொறவுதான் சப்பரம் நகரும். பெரிய ஐயாவுக்குக் காலு வெளங்காமப் போன வருஷம், அவுக வெள்ளிப் பூண் போட்ட பிரம்ப எங்கிட்டக் குடுத்து, "இதப் பிடிச்சுட்டு நில்லு, இதுக்குக் கட்டட்டும்"னாவ. அன்னையில இருந்து பிரம்புக்குத்தான் பரிவட்டம். பெங்களூர்ல இருக்க சின்ன ஐயா வாரதில்ல, அவுகளுக்கு ஆயிரம் சோலி. முப்பத்தோரு வருஷமா பிரம்பத் தாம்பாளத்துல நட்டமாப் பிடிச்சுட்டு நிக்கது நான். பட்டுத் துணிய அந்த வெள்ளிப் பூணுல சுத்துவாரு பட்டர். ஊரே பிரம்பப் பாத்துக் கும்பிடும். பிடிச்சிருக்க கை யாரு கையி? என் கையி. இந்த வெளங்காத ஊர்ல எவனுக்காவது அந்தப் பாக்கியம் உண்டா?

சரி, வெள்ளத்துக்கு வாரேன். போன மார்கழி. ரெண்டு நாளா வானம் ஒடைஞ்ச மாதிரி மழை. மூணாம் நாள் விடியும்போது மேல அணையத் தெறந்துட்டாவ. எட்டு மணிக்குக் கீழத்தெருவுல தண்ணி. ஒம்பதுக்குப் பள்ளிக்கூடத்துல தண்ணி. ஒம்பதரைக்கு மொத்த ஊரும் இந்தக் கேட்டு முன்னால நிக்கு. இடுப்புல பிள்ளை, தலையில மூட்டை, ஆடு, கோழி. ஒருத்தன் டிவிப் பெட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கான். கரண்டு போயி மூணு நாளாச்சு, டிவிப் பெட்டி. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்புத்தான் வந்துது.

"அண்ணாச்சி, கேட்டத் தெறங்க"ன்னான் மாசானம். "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தெறக்கேன், வரிசையா நில்லுங்க"ன்னேன். தப்பா சார்? அடுத்தவுக வீடு. நம்ம கையில சாவி இருக்குங்கதுக்காக ஊரக் கூட்டி உள்ள விட்டுர முடியுமா? நான் கேட்டுக்கு உள்பக்கம் குடையப் பிடிச்சுட்டு நிக்கேன், அவனுவ வெளிய நனையுதானுவ. நனையட்டும், ஆத்தங்கரையில பொறந்த பயலுவதான.

போன் போட்டேன். மணி அடிக்கு, எடுக்கல. திருப்பியும் போட்டேன், எடுக்கல. நாலாவது தடவை ஐயா வீட்டு அம்மா எடுத்தாவ. "அவர் ஜிம்முக்குப் போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்"னாவ. இங்கன வெள்ளம்மான்னேன். "ஐயையோ, பாத்துப் பத்திரமா இருங்க"ன்னு சொல்லிட்டு வச்சாவ. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. நம்மளப் பத்திரமா இருக்கச் சொல்லணும்னு அவுகளுக்கு என்ன தலையெழுத்து?

அப்பம் பால்வண்ணம் முன்னால வந்தான். கீழத்தெருக்காரன், பொண்டாட்டி செத்துப் போச்சு, ஒரே மக முப்பிடாதி, ஒம்பதாங் கிளாஸ் படிக்கா. அவன்கிட்ட ஒரு செனை மாடு. மாட்டையும் பிடிச்சுட்டு வந்து நிக்கான். "அண்ணாச்சி, மாட்டையும் உள்ள விடுங்க, ஒரு ஓரமாக் கெட்டிக்கிடுதேன்"னான். எனக்கு வந்துது பாருங்க கோவம். "எலே பால்வண்ணம், மனுசங்களுக்கே இன்னும் உத்தரவு வரல, ஒனக்கு மாட்டுக்கு வேணுமா? உள்ள குரோட்டன்ஸ் செடி எல்லாம் பெரிய ஐயா வச்சது. மாட்ட ஆத்து மேட்டுக்கரையில கொண்டு போயிக் கெட்டிட்டு வா, அதுக்குள்ள உத்தரவு வந்துரும்"னேன். மகள அந்தக் கூட்டத்துல நிறுத்திட்டு மாட்ட ஓட்டிட்டுப் போனான். சொன்னதக் கேட்ட ஒரே பய அவன்தான், அன்னைக்கி.

தண்ணி கணுக்கால்ல இருந்து முட்டுக்கு வந்துட்டு. பொம்பளையளுவ அழுதாளுவ. நான் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். எவனாவது ரெண்டு பேரு கேட்டேறிக் குதிச்சு எங்கிட்ட இருந்து சாவியப் பிடுங்கியிருக்கலாம். ஒருத்தனுக்கும் துணிச்சல் வரல. அரமனைன்னா அப்படி ஒரு பயம். எங்க மேல அப்படி ஒரு மரியாதை. ஊரு முழுக்க முட்டளவு தண்ணியில நின்னு என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கான்னா, சும்மாவா?

உலகம்மா பின்கட்டுல இருந்து வந்தா. "சாவியக் குடுங்க"ன்னா. "ஐயா இன்னும் எடுக்கல"ன்னேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல. ரெண்டாந் தடவை கேக்கல. திரும்பிப் போனா, தேங்கா உரிக்கிற கடப்பாரையத் தூக்கிட்டு வந்தா, பூட்டுக்குள்ள விட்டு ஒரே நெம்பு. லண்டன் பூட்டு சார். கோமதிநாயகத் துரை கப்பல்ல வரவழைச்ச பூட்டு. வெள்ளைக்காரன் போன பொறவும் ஒடையாத பூட்டு, ஒரு பொம்பளை கையால அன்னைக்கி ஒடைஞ்சுது. நான் என்ன செய்ய? அவ கையில கடப்பாரை இருக்கு.

எல்லாவனும் உள்ள ஏறிட்டானுவ. போர்ட்டிகோவத் தாண்டி, முன்வாசல் வழியா, நடு ஹாலுக்குள்ளயே. செருப்பக் கூடக் கழத்தல, பாதிப் பேருகிட்ட செருப்பே இல்லங்கது வேற விஷயம். தேக்குத் தூணுக்குத் தூணு கயித்தக் கெட்டி ஜட்டியக் காயப் போட்டானுவ. பெரிய ஐயா சாஞ்சு படிச்ச ஈசிசேர்ல ஒரு பய கோழிய உக்கார வச்சிருந்தான். உலகம்மா களஞ்சியத்துல இருந்து அரிசிய அள்ளி அண்டாவுல பொங்கிப் போட்டா. முன்னூறு பேரு, நாலு நாளு. யார் வீட்டு அரிசின்னு ஒரு கேள்வி இல்ல.

நானா? நான் உள்ள போகல சார். போர்ட்டிகோவுலயே இருந்தேன், நாலு நாளும். எனக்கு உத்தரவு வரலல்லா. சாரல் அடிச்சுது, பரவால்ல. ரெண்டாவது நாளு முப்பிடாதி ஒரு ஏனத்துல கஞ்சி கொண்டு வந்து, "மாமா, சாப்பிடுங்க"ன்னு நீட்டினா. அவ அப்பன் போயி ஒரு நாளாச்சு. மாடு மட்டும் நீஞ்சிக் கரையேறி வந்துட்டு. மேட்டுக்கரைக்குப் போற பாலம் அன்னைக்கே அறுத்துட்டுப் போயிருக்கு, எனக்கு எப்படித் தெரியும்? கஞ்சிய வாங்கிக்கிட்டேன். பசியில்ல, ஆனாலும் பிள்ளை நிக்குதேன்னு குடிச்சேன். மூணாம் நாளு, உடைமரத்து முள்ளுக்குள்ள கெடந்தான் பால்வண்ணம்.

ஊரு என்ன பேசிச்சுன்னு நான் கேக்கல. இவனுவ பேச்ச நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? பாலம் ஒடைஞ்சதுக்கு நானா பொறுப்பு? மாட்ட விட்டுட்டு வந்திருக்கலாம்லா? விதின்னு ஒண்ணு இருக்குல்லா சார்?

தண்ணி வடிஞ்சதும் எல்லாவனும் வீட்டுக்குப் போனானுவ. உலகம்மாவும் போனா. எங்கன? பால்வண்ணம் வீட்டுக்கு. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாயி. "பிள்ளை தனியாக் கெடக்கு, நான் அங்கன இருக்கேன்"னா. அப்பம் நான்னு கேட்டேன். "ஒங்களுக்குத்தான் அரமனை இருக்கே"ன்னுட்டுப் போயிட்டா. எங்களுக்குப் பிள்ளை இல்ல சார். அது ஒரு கொறையா எனக்குத் தோணினதில்ல, அரமனை இருக்குன்னு நானேதான் அடிக்கடி சொல்லுவேன். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லுதா.

பத்து நாள் கழிச்சு சின்ன ஐயா வந்தாவ. கூடவே டிவிக்காரங்க. ஊருக்கு அடைக்கலம் குடுத்த அரமனைன்னு எங்கயோ செய்தி வந்துட்டாம். ஐயா கேட்டு முன்னால நின்னு, "வெள்ளம்னு கேட்டதும் உடனே கதவத் திறக்கச் சொல்லிட்டேன், இது எங்க குடும்பத்துக் கடமை"ன்னாவ. மைக்க எங்கிட்ட நீட்டினான் ஒரு பய. "ஆமா, ஐயா சொன்னாவ, நான் தெறந்தேன்"னேன். வேற என்ன சொல்ல? அவுக வாய்க்கு மாத்தி என் வாய் வரலாமா? தோளத் தட்டி, "வெல் டன் பிச்சையா"ன்னாவ. பிச்சையா எங்கப்பா பேரு. எங்க குடும்பத்து மேல அவ்வளவு பாசம், அப்பாவையும் மகனையும் பிரிச்சுப் பாக்கதில்ல.

அந்த டிவிய ஊரு முழுக்கப் பாத்திருக்கு. உலகம்மாவும் பாத்திருக்கா. அதுக்குப் பொறவு கோயில்ல கூட்டம் போட்டானுவ, என்னக் கூப்பிடல. இந்த வருஷம் தீர்த்தவாரிக்குப் பரிவட்டம் உலகம்மாவுக்குன்னு முடிவு எடுத்தானுவளாம். பொம்பளைக்குப் பரிவட்டம். கேட்டுட்டு நான் வாய்விட்டுச் சிரிச்சேன். காலைல எடுத்த முடிவு, மத்தியானத்துக்குள்ள மாறிரும்னு இருந்துட்டேன்.

தைப்பூசத்தன்னைக்கி வழக்கம் போல குளிச்சு, வேட்டி கட்டி, பிரம்பத் தொடைச்சு, தாம்பாளத்துல பிடிச்சுட்டு இங்கன நிக்கேன். மேளம் கேக்கு. சப்பரம் தெருமுக்குத் திரும்புது. நிக்கும்னு பாத்தேன், நிக்கல சார். சாமி என்னத் தாண்டிப் போறாரு. முப்பத்தோரு வருஷம். தாம்பாளத்தோட பின்னாலயே ஓடினேன். அம்பத்தெட்டு வயசுல, வேட்டி தடுக்க, பிரம்பு சாஞ்சிரக் கூடாதேன்னு பிடிச்சுக்கிட்டே ஓடுதேன். எவனும் சிரிக்கல. சிரிச்சிருந்தாலாவது வைஞ்சிருப்பேன்.

பால்வண்ணம் வீட்டு முன்னால போயி சப்பரம் நின்னுது. பட்டர் பரிவட்டத்த எடுத்துட்டு உலகம்மா பக்கத்துல போறாரு. அவ கையெடுத்து மறிச்சா. "எனக்கு வேண்டாம் சாமி. இவுக தலைக்குக் கட்டுங்க"ன்னு என்னக் காட்டினா. ஊரே வாயப் பொளந்துட்டு நிக்கு. அவ என் முன்னால வந்து மெதுவாச் சொன்னா. "கம்பக் கீழ வைங்க. பால்வண்ணத்த நான்தான் போகச் சொன்னேன், தப்புன்னு இந்தப் பிள்ளை முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. பரிவட்டத்தக் கட்டிக்கிடுங்க. நான் இப்பவே ஒங்க கூட வாரேன், பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன்." மாசானம் கூட, "ஆமா அண்ணாச்சி, ஒரு வார்த்தைதான"ன்னான். முப்பிடாதி என்னையே பாத்துட்டு நிக்கா.

நான் பிரம்ப நீட்டினேன் சார். "கட்டணும்னா இதுக்குக் கட்டுங்க. வேலைக்காரன் தலைக்குக் கட்டச் சாஸ்திரம் இல்ல"ன்னேன். பட்டர் என்னப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, கடைசியில அந்தப் பிள்ளை தலையில கட்டிட்டாரு. ஒம்பதாங் கிளாஸ் படிக்க பிள்ளைக்கு முதல் மரியாதை. இந்த ஊரு எப்படி உருப்படும்னு நீங்களே சொல்லுங்க. சப்பரம் ஆத்துக்குப் போயிட்டு. நான் தாம்பாளத்தோட திரும்பி வந்துட்டேன். அதுல இருந்து நானே பொங்கி நானே திங்கேன். அஞ்சு மாசமாச்சு.

என்ன கேக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னன்னா?

நல்லாக் கேட்டீங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துது சார். அவ மூஞ்சியப் பாத்ததும் பிரம்பு கையில இருந்து நழுவத்தான் செஞ்சுது, திருப்பி இறுக்கிப் பிடிச்சேன். ஏன்னு ஒங்களுக்குச் சொல்லுதேன். நீங்க வெளியூரு, போயிருவீங்க. அன்னைக்கி டிவிக்காரங்க போன பொறவு, ஐயா கார்ல ஏறதுக்கு முன்னால நான் பக்கத்துல போயிக் கையக் கெட்டி நின்னேன். "பூட்ட ஒடைச்சது தப்புதான் ஐயா, பதினோரு தடவை போன் போட்டேன், நீங்க எடுக்கல, அதான் உத்தரவு இல்லாம உலகம்மா தெறந்துட்டா, பெரிய ஐயா வச்ச செடிக்காக மாட்ட மட்டும் நான் உள்ள விடல, மன்னிக்கணும்"னேன். ஐயா என்ன ஒரு மாதிரிப் பாத்தாவ. எரிச்சல் கூட இல்ல, ஆச்சரியம். "இதுக்கெல்லாமா எனக்குப் போன் போடுவ? சாவி உங்கிட்டதான இருந்துது? தண்ணி வந்தாத் தெறந்து விட வேண்டியதுதான, மாட்ட விடுறதுன்னா மாட்டையும்தான், அந்தச் செடியெல்லாம் யாருக்கு வேணும்"ன்னாவ. சொல்லிட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டாவ.

உத்தரவு வரலன்னுதான் நான் தெறக்கல. அது ஒழுங்கு, அதுக்காகத் தலைய நிமித்திட்டு நிக்கலாம். உத்தரவே வேண்டாம்னா? அப்பம் பால்வண்ணத்த ஆத்துக்கு அனுப்பினது யாரு? ஐயா இல்ல, பாலம் இல்ல, விதியும் இல்ல. அந்த ஒரு வார்த்தைய உலகம்மாகிட்டச் சொன்னா, நான் அன்னைக்கி முட்டளவு தண்ணியில ஊர நிறுத்தி வச்சது யாருக்காகன்னு அவ கேப்பா. யாருக்காகவும் இல்லன்னு நான் எந்த வாயால சொல்ல?

முப்பிடாதி பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாத்தான் போவா. "மாமா"ன்னு கூப்பிட வாயத் தெறப்பா, அதுக்குள்ள நான் தெருவ மாத்திப் போயிருவேன். ஆவுடையப்பனுக்கு இன்னும் அரமனைத் திமிரு அடங்கலன்னு ஊர்க்காரப் பயலுவ பேசுதானுவ. பேசட்டும், அவனுவ அப்படியே நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும்.